அலுப்பு இறங்கிய கல்நீரூற்று

அவிநாசியிலிருந்து திருப்பூருக்குப் போகிற சாலையில் பூண்டியைத் தொடும்போதே உளிச்சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும், சாலையோரம் வெயிலில் வரிசை கட்டி நிற்கும் பிள்ளையார்களையும் நந்திகளையும் கண் திறக்காத அம்மன்களையும் தாண்டிப் பட்டறைகளின் பின்பக்கம் போனால் அங்கே சாமியாகாத கல்லெல்லாம் நிற்கும், குடம் சாய்த்த பெண்கள், வாய் பிளந்த மீன்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தாமரைகள் என்று வசதியான வீட்டுத் தோட்டங்களுக்கான நீரூற்றுகள், அவற்றின் நடுவே ஒரு மாசி மாதத்து முற்பகலில் சம்பூர்ணம் கையில் ஒயர்கூடையுடன் நின்றுகொண்டிருந்தாள், நின்றபடியே தூங்கிக்கொண்டும் இருந்தாள்.

நின்றபடி தூங்குவது அவளுக்குக் கைவந்த கலை. பால் பொங்கும்வரை அடுப்படியில் தூங்குவாள், மருந்துக்கடை வரிசையில் தூங்குவாள், துணி காயப்போடும்போது கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு சேலை உலர்கிற நேரம் தூங்குவாள், கட்டிலில் படுத்தால் மட்டும் தூக்கம் வராது, ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் அவள் புருஷன் சென்னியப்பன் கிடந்தார். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகளுக்கு நடுவே வாழ்நாளெல்லாம் நின்றவர், அறுந்த நூலை முடியக் குனிந்த ஒரு நாள் நிமிராமலே போய், வலது கையும் வலது காலும் பாதிப் பேச்சும் போனவராக வீட்டுக்கு வந்து சேர்ந்தார், அன்றிலிருந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க, துடைத்துவிட, கஞ்சி ஊட்ட, பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில் சம்பூர்ணத்தை விட்டால் ஆளில்லை. தறிச்சத்தத்திலேயே தூங்கிப் பழகிய மனுஷனுக்கு நிசப்தத்தில் கண் மூடவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் இருந்தால் தூங்குவார் என்று வைத்தியர் சொன்னார், சொல்லுகிறவருக்கு என்ன, அலைகிறவள் சம்பூர்ணம்தானே.

பட்டறையில் விற்பனையைப் பார்த்துக்கொண்ட நாகரத்தினம் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க்கா, பாக்கறீங்களா தூங்கறீங்களா?"

"ரெண்டுந்தானுங்" என்றாள் சம்பூர்ணம்.

நாகரத்தினம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள். வழவழவென்று இருந்ததை வேண்டாம் என்றாள், மாவுக்கல்லாம், ரெண்டு மழைக்கு ஏடு ஏடாக உரியுமாம். சாம்பல் நிறத்தில் ஆளுயரத்துக்கு நின்றதைத் தட்டிப் பார்க்கச் சொன்னாள், தட்டினால் பொத்தென்று கேட்டது, சிமெண்டில் வார்த்துச் சாயம் பூசினதாம், தன் பட்டறைச் சரக்கையே அவள் காட்டிக்கொடுத்தது சம்பூர்ணத்துக்குப் பிடித்திருந்தது. "கருங்கல்லா எடுத்துக்கங்க, உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும்" என்றாள் நாகரத்தினம், "எங்களுக்கு அதெல்லாம் இல்லீங், அவரு இருக்கறவரைக்கும் நின்னாப் போதும்" என்றாள் சம்பூர்ணம், நாகரத்தினம் அதற்குப் பிறகு ஆயுளைப் பற்றிப் பேசவில்லை.

கண்ணால் பார்த்து வாங்குவதில் சம்பூர்ணத்துக்கு அக்கறை இல்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் ஊற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உயரமான தாமரை கடுகு பொரிகிற மாதிரி பொரிந்தது. மீன் கொப்புளித்தது. குடம் சாய்த்த பெண் விட்டுவிட்டு அழுதாள். கடைசியில், வேலைப்பாடே இல்லை என்று யாரும் கேட்காமல் சுவரோரம் கிடந்த ஒன்று, அகலமான தொட்டிமேல் ஒரு பெரிய கிண்ணமும் அதன்மேல் ஒரு சின்னக் கிண்ணமுமாக, கோலம்கூடச் செதுக்காத வெறும் கருங்கல், அதில் ஊற்றிய தண்ணீர் மேலேயிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து கீழுக்கும் எந்த அவசரமும் இல்லாமல் விழுந்தது, அந்தச் சத்தத்தில் சம்பூர்ணம் மறுபடியும் தூங்கிவிட்டாள். இதுதான் என்று நாகரத்தினத்துக்கே தெரிந்துவிட்டது.

"தளம் மட்டமா இருக்கோணுங்க்கா, சாஞ்சா ஒரு பக்கமே தண்ணி விழுந்து மறுபக்கம் காஞ்சு வெளுத்துப்போயிரும். மரத்தடியில வெக்காதீங்க. மோட்டாரு எப்பவும் தண்ணிக்குள்ளயே மூழ்கிக் கெடக்கோணும், தலை வெளிய தெரிஞ்சா கருகிப்போயிரும். வாரம் ஒருக்காத் தண்ணிய எறைச்சுப்போட்டு தேங்கா நாருல தேச்சுக் கழுவுங்க. சோப்பு ஆகாது, ஆசிட்டு ஆகவே ஆகாது. போர் தண்ணியில உப்புப் படியும், எலுமிச்சங்காயப் பாதியா அறுத்து வெச்சுத் தேச்சீங்கன்னா போயிரும்."

"இதையும் குளிப்பாட்டோணுமா?" என்று கேட்டாள் சம்பூர்ணம். அவ்வளவு அலுப்போடு ஒருவர் ஒரு கேள்வி கேட்டு நாகரத்தினம் அதற்குமுன் கேட்டதில்லை.

சம்பூர்ணத்தை அப்போது தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு வாக்கு. காங்கேயத்தில் கட்டிக்கொடுத்த நாத்தனார் வசந்தாமணி, சித்திரையில் தன் மகன் கல்யாணம் முடிந்த கையோடு அண்ணனை ஒரு மாதம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு மாதத்தில் காசிக்குப் போக வேண்டும் ராமேசுவரம் போக வேண்டும் என்றெல்லாம் சம்பூர்ணம் நினைக்கவில்லை. வாசல் கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, கூடத்தில் பாயை விரித்து, குறுக்கே படுத்துத் தூங்க வேண்டும், தானாக விழிப்பு வரும்போது விழிக்க வேண்டும், யாரும் கூப்பிடாததால் மறுபடியும் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

கல் வந்து இறங்கியது. முன்வாசலில், சென்னியப்பன் கட்டிலின் சன்னலுக்கு நேராக, மேஸ்திரி தளம் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து மூன்று துண்டையும் ஏற்றி நிறுத்தி, மோட்டாரை மூழ்கவிட்டு ஓடவிட்டார், தண்ணீர் விழ ஆரம்பித்ததும் உள்ளே சென்னியப்பன் தூங்கிப்போனார். மேஸ்திரி சிமெண்டுக் கையையும் காலையும் தொட்டித் தண்ணீரில் நனைத்தபடி கொஞ்ச நேரம் விளிம்பில் உட்கார்ந்தார். எழுந்தபோது அவருடைய அலுப்பு அவரிடம் இல்லை. தொட்டியின் அடியில் அரிசி கழுவின தண்ணீர் தெளிந்தாற்போல ஒரு மெல்லிய சாம்பல் படிவமாக அது படிந்து கிடந்தது. "அலுப்பு எறங்கிருச்சுங்க்கா" என்று சொல்லிவிட்டு, சிமெண்டுச் சாந்து சிந்தியதற்கு மன்னிப்புக் கேட்கிற தொனியில் "கழுவிப்போடுங்க" என்றும் சொல்லிவிட்டு, நாளைக்கு என்று வைத்திருந்த எதிர்வீட்டுச் சுவர் வேலையை அன்று மாலையே முடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பால்காரர் உட்கார்ந்தார், அதற்கு மறுநாள் எதிர்வீட்டு டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்து உட்கார்ந்தார், அப்புறம் தெருவே உட்கார்ந்தது. இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் எப்படி என்றா கேட்கிறோம், எத்தனை மணிக்கு வரும் என்றுதானே கேட்கிறோம், அதையேதான் அவர்களும் கேட்டார்கள், காலையில் கூட்டம் எப்போது குறையும், செருப்பை எங்கே விடுவது, இரண்டு காலையும் நனைக்க வேண்டுமா ஒன்று போதுமா, சர்க்கரை வியாதிக்காரர் புண்ணோடு நனைக்கலாமா. நோய் போகவில்லை, துக்கம் போகவில்லை, அலுப்பு மட்டும்தான் போயிற்று. கவலையோடு வந்தவர்கள் கவலையோடுதான் திரும்பினார்கள், ஆனால் அலுக்காமல் கவலைப்பட்டார்கள்.

யாரோ கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், எண்ணெய் ஊற்றிக் கற்பூரமும் கொளுத்தினார்கள். எண்ணெய் குடித்த கல் கறுத்துப்போகும், சூட்டில் விளிம்பு விண்டுபோகும் என்று சம்பூர்ணம் சத்தம் போட்டு அதையெல்லாம் நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் பக்தியின்மேல் இல்லை, துடைக்கிறவள் தான்தானே என்பதில்தான். கொசு முட்டையிடாமல் இருக்க யாரோ கொண்டுவந்து விட்ட கப்பி மீன்கள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, கொசுப்புழுக்களும் கொசுவாக மாறுகிற சிரமத்தை மேற்கொள்ளவில்லை, ஆக அந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. படிவத்தை என்ன செய்வது என்பதுதான் தீரவில்லை. முதல் வாரம் நல்ல வண்டலாயிற்றே என்று எடுத்துத் தென்னை மரத்தடியில் கொட்டினார்கள். தென்னை மட்டைகளை எல்லாம் கீழே தொங்கவிட்டுவிட்டது, அதில் வந்து உட்கார்ந்த காக்கை மாலைவரை கரையவில்லை, இளநீர் குடித்த டீச்சர் வீட்டுக்காரர் அலுவலகத்தில் மேசைமேல் தலை வைத்துப் படுத்து மெமோ வாங்கினார். அதற்குப் பிறகு காலியான பெயிண்ட் வாளிகளில் அள்ளி மூடி போட்டுப் பின்கட்டில் அடுக்கி வைத்தார்கள். அள்ளி வைத்தார்கள் என்றால் வேறு யார், சம்பூர்ணம்தான் அள்ளி வைத்தாள்.

அடுத்தவர் அலுப்பை அள்ளுவது அழுக்கை அள்ளுவது போலக் கிடையாது. நாரால் தேய்க்கத் தேய்க்க அது கையில் ஏறும், ஏறினபிறகு கொஞ்ச நேரத்துக்கு அது யாருடையது என்றும் தெரியும், டீச்சருடையது தொண்டையில் கரகரத்தது, பால்காரருடையது விடியற்காலைப் பனியாக முழங்காலில் இறங்கியது, லாரிக்காரர் ஒருவருடையது கண்ணுக்குள் மணலாக உறுத்தியது. எல்லாம் மதியத்துக்குள் இறங்கிவிடும். அவளுடைய சொந்த அலுப்புதான் இறங்காமல் நின்றது, ஏனென்றால் அவள் உட்காரவே இல்லை. உட்கார நேரமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னாள், அது உண்மையும்தான்.

ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாள், அதுதான் அவள் செய்த தப்பு. கல்யாண வீட்டில் சீர் செய்கிற இடத்தில் அழுது வடிகிற முகத்தோடு போய் நிற்கக்கூடாது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எண்ணி, வசந்தாமணி மகன் கல்யாணத்தன்று விடிகாலையில் பக்கத்து வீட்டுக்காரியைச் சென்னியப்பனுக்குத் துணை வைத்துவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் நனைத்தாள். ஆறு வருட அலுப்பு ஒரு மூச்சில் இறங்கியது. இடுப்பு இருக்கிற இடம் தெரியவில்லை. காங்கேயம் போய் இறங்கியவள் பந்தலில் எல்லோரையும் வரவேற்றாள், பந்திக்குப் பந்தி ஓடினாள், பாத்திரக்காரர்கள் கொண்டுவந்த அண்டாவை ஆள் கூப்பிடாமல் தானே இழுத்து வைத்தாள், சொந்தபந்தமெல்லாம் வாய் பிளந்து பார்த்தது. ஆறு வருஷம் படுக்கைக்காரனைப் பார்த்தவளா இவள், உடம்பு வெள்ளிக்கம்பி மாதிரி இருக்குதே என்றார்கள். வசந்தாமணியும் பார்த்தாள், எச்சில் இலையை எடுத்துக்கொண்டு நடந்த அண்ணியைத் தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வந்து சேலையை மாற்றுவதற்குள் சம்பூர்ணத்துக்குப் புது அலுப்பு சேர ஆரம்பித்துவிட்டது, அதை யாரும் பார்க்கவில்லை.

அதற்குள் தனசேகரன் வந்துவிட்டார். பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குத் தையல் ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்ட்ராக்டர் அவர், நல்ல மரியாதைக்காரர், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அந்த ஊரில் யாரும் ஒரு ஷிப்டு வேலை பார்ப்பதில்லை, ஒன்றரை ஷிப்டுதான் வழக்கம், காலையில் உட்கார்ந்தால் இருட்டியபிறகுதான் எழுந்திருப்பார்கள். ஒன்றரை முடிந்ததும் தனசேகரன் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சம்பூர்ணம் வாசலில் இறக்குவார், வரிசையாக உட்கார்ந்து காலை நனைப்பார்கள், மறுபடி வேனில் ஏறி இன்னொரு ஒன்றரைக்குப் போவார்கள், விடிந்ததும் வேன் மறுபடி வந்து நிற்கும். "பாவம்ங்க்கா, புள்ளைங்க அலுத்துப்போயிருதுங்க, நீங்க புண்ணியவதி" என்று தனசேகரன் கையெடுத்துக் கும்பிடுவார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார், அதுதான் அவரிடம் பேச முடியாமல் போனதற்குக் காரணம்.

வேனில் வந்தவர்களில் பிலோமினா என்று ஒருத்தி, திண்டுக்கல் பக்கம் ஊர், இங்கே பிள்ளையோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஓவர்லாக் மிஷினில் தைப்பவள். மற்றவர்கள் நனைக்கும்போது அவள் மட்டும் காலைத் தண்ணீருக்கு மேலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சம்பூர்ணம் ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"ஏங் கண்ணு, சளி புடிச்சிருக்குதா?"

"இல்லக்கா." பிலோமினா வேன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "முந்தியெல்லாம் கண்ணு சொக்கி விரல்ல ஊசி ஏறப்போகுதுன்னா சூப்பர்வைசரே பயந்துபோயி வீட்டுக்குப் போகச் சொல்லிருவாரு. இப்ப யாருக்குமே சொக்க மாட்டேங்குது. சொக்காம எப்பிடிக்கா லீவு கேக்குறது? எம்புள்ள மொகத்தப் பாத்துப் பத்து நாளாச்சு, அலுப்பில்லாமத்தான் இருக்கேன், ஆனா புள்ளயப் பாக்கல."

சம்பூர்ணம் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க, இந்தக் கல்லு எப்பயாச்சும் ரிப்பேராகணும்னு எங்க லைன்ல எல்லாரும் வேண்டிக்கிறோம்" என்றாள் பிலோமினா. "நீங்கதான் இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கீங்களே."

சித்திரை முடிந்தது, வைகாசியும் பாதி போயிற்று. வசந்தாமணி ஒரு நாள் மதியம் லட்டு டப்பாவோடு வந்து, அண்ணன் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள், அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நங்கை, அண்ணனைக் கூட்டிட்டுப் போறதப் பத்தி எங்க வீட்டுல பேசுனம்ங்க. மருமக புதுசு, மாடியில ரூம்பு கட்டிட்டு இருக்கறம், இந்த நேரத்துல எப்புடீங்?"

"சித்திரை முடியட்டும்னு சொன்னயே அம்மிணி."

"சொன்னனுங்க. அப்ப உங்களையப் பாக்கப் பாவமா இருந்துச்சு. இப்ப என்னங்க, ஊரே உங்க வாசல்ல வந்து உக்காந்து எந்திரிச்சுப் போகுது. கண்ணாலத்துல உங்களையப் பாத்துட்டு எங்க மாமியார் வகையெல்லாம் என்னையத்தான் கேலி பண்ணுனாங்க, உன்னையவிடச் சின்னப்புள்ளையாட்ட இருக்கறாங்க உங்க நங்கைன்னு. அலுத்துச்சுன்னா ரெண்டு காலையும் நனைச்சுக்கங்க, அவ்வளவுதானுங்களே?"

"நான் அன்னிக்கு ஒருநா நனைச்சதுதான். அப்பறம் நனைக்கல."

"அது உங்க தப்புங்க நங்கை" என்றாள் வசந்தாமணி, அன்போடுதான் சொன்னாள்.

கத்தலாம் என்று சம்பூர்ணம் நினைத்தாள், கத்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. காபி போட்டுக் கொடுத்தாள், நாத்தனார் போகும்போது வெற்றிலை பாக்கும் கொடுத்தாள், பஸ் ஏற்றிவிட்டு வாசலுக்குத் திரும்பியபோது நீரூற்றைச் சுற்றி அரைத்தெரு உட்கார்ந்திருந்தது, எல்லோரும் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்கள். தன் அலுப்பை ஏன் இத்தனை நாள் இறக்கி வைக்காமல் இருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அது ஒன்றுதான், ‘போதும்’ என்று சொல்ல அவளிடம் மிச்சமிருந்த வாய். அதையும் தொட்டியில் விட்டுவிட்டால் இந்த வீட்டில் அவளை ஒருவரும் ஒருநாளும் படுக்கச் சொல்லமாட்டார்கள்.

உள்ளே போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, ஆறு வருடத்தில் சொல்லாததை முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏனுங், எனக்கு உங்களையப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுங்க."

வார்த்தை வருவதற்குச் சென்னியப்பனுக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

"தெரியும்" என்றார். பிறகு, "எனக்கும்தான்."

"உங்களுக்கென்னங்க, படுத்துட்டுத்தான கெடக்கறீங்க."

"படுத்துக் கெடந்து... பாரு... நீ நிக்கறதயே பாத்துட்டு." மூச்சு வாங்கிக்கொண்டு இடது கையால் சன்னலைக் காட்டினார். "அங்க கொண்டுபோயி... நனைச்சு உட்டுறாத. இந்த அலுப்பாச்சும் இருக்கட்டும்... ஏதோ வேலை செஞ்சாப்பல இருக்குது."

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது, இரண்டையும் பவுடர் டப்பாவை மூடுகிற சாக்கில் மூடினாள். அவரை வெறுத்த நாட்கள் உண்டு, அன்றைக்கு வெறுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நீரூற்றைக் கழுவவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கழுவவில்லை. நார் பின்கட்டில் காய்ந்து கிடந்தது, எலுமிச்சங்காயை ஊறுகாய் போட்டுவிட்டாள். நடுக்கிண்ணத்தில் வெள்ளையாக உப்புப் படிந்தது, அதன்மேல் பாசி படர்ந்தது, கீழ்த்தொட்டியில் அலுப்பு விளிம்புவரை ஏறியது, விழுகிற தண்ணீரின் சத்தம் கனத்து, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒருவர் கொட்டாவி விட இடம் இருந்தது. உட்கார்ந்தவர்களுக்குப் பாதிதான் இறங்கியது. டீச்சர் வந்து கேட்டார், கழுவுகிறேன் என்றாள். தெருக்காரர்கள் வந்து கேட்டார்கள், கழுவுகிறேன் என்றாள். தனசேகரன் கும்பிட்டுக்கொண்டே கேட்டார், தன் ஆட்களை விட்டே கழுவிக்கொடுப்பதாகவும் சொன்னார். "எங்கல்லு, நாந்தான் கழுவோணும்" என்று அவரையும் கும்பிட்டாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேன் வந்து நிற்கிற நேரத்தில், பின்கட்டிலிருந்து பெயிண்ட் வாளிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து மூடியைத் திறந்து தொட்டியில் கொட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு உடம்பின் வலி கை வழியே ஏறி இறங்கியது, விரல் நுனியில் ஊசி குத்தியது, தொண்டை கரகரத்தது, கண்ணில் மணல் உறுத்தியது, அவள் நிற்கவில்லை, கடைசி வாளியையும் கவிழ்த்துத் தட்டினாள். வாசலில் நின்றவர்கள் என்னங்க்கா பண்றீங்க என்று கேட்டார்கள். "அவங்கவங்களது அவங்கவங்களுக்குப் போகட்டும்" என்றாள், சண்டை போடுகிற குரலில் இல்லை, இரவல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற குரலில் சொன்னாள்.

தொட்டி நிறைந்து வழிந்தது. சாம்பல் நிறத் தண்ணீர் வாசற்படி இறங்கி, தெருவில் இறங்கி, சாக்கடையை ஏறிக் கடந்து, யாருடையதோ அவரைத் தேடிக்கொண்டு கிளைகிளையாகப் பிரிந்து போயிற்று, பால்காரர் வீட்டுக்கு ஒரு கிளை, டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிளை, மேஸ்திரி நின்றிருந்த சாரத்தின் அடிக்கு ஒன்று, பெரிய கிளை கம்பெனி வாசலுக்கு. நல்ல அலுப்பு அது, அடுப்பை அணைக்கவும் சாரத்திலிருந்து இறங்கவும் வண்டியை ஓரம்கட்டவும் எல்லோருக்கும் அவகாசம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஊர் படுத்தது. பெண்கள் வேனிலிருந்து இறங்கி அவரவர் வீட்டுக்கு நடந்து போய்ப் படுத்தார்கள், பிலோமினா தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு படுத்தாள், மிஷின்கள் நூலை வாயில் வைத்தபடி நின்றன. தனசேகரன் மட்டும் தூங்காமல் நின்றார், அவருடைய அலுப்பு அந்தத் தொட்டியில் இருந்ததே இல்லை, காலி வேனுக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் போன் அடித்துப் பார்த்தார், ஒருவரும் எடுக்கவில்லை.

சம்பூர்ணம் படுக்குமுன் தானும் ஒரு போன் செய்தாள்.

"வசந்தாமணி, நான் படுக்கப்போறேன் சாமி. உங்கண்ணனுக்கு ஆள் வேணும்."

"நங்கை, திடீர்னு சொன்னா எப்புடீங்க, நான் இங்க..."

"மத்தியானக் கஞ்சி வெச்சிருக்கறேன். சாயந்தரத்துக்கு இல்லை. கதவு தொறந்துதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவருக்குக் கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். "வருவாளா?" என்று கேட்டார் சென்னியப்பன். "வராட்டி என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றாள். பயமாகத்தான் இருந்தது, அந்தப் பயத்தோடேயே கூடத்தில் பாயை விரித்தாள், குறுக்கே படுத்தாள், கல்யாணத்தன்று அவள் இறக்கிய ஆறு வருட அலுப்பு வாளியைக் கவிழ்த்தபோதே திரும்ப ஏறியிருந்தது, அதற்குப் பின் சேர்ந்தது எங்கிருந்தும் தேடி வரவேண்டியிருக்கவில்லை, கூடவேதான் இருந்தது.

எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று சொல்ல அந்தத் தெருவில் விழித்திருந்தவர்கள் இல்லை. தானாக விழிப்பு வந்தது. வெயில் சுவரில் ஏறியிருந்தது, எந்த நாளின் வெயில் என்று தெரியவில்லை. தலைமாட்டில் வசந்தாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கொண்டை அவிழ்ந்து, சேலையில் கஞ்சிக்கறையோடு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, இடுப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

"அண்ணன் நல்லாயிருக்காருங்க" என்றாள் முதலில். பிறகு கொண்டையை முடியக் கையைத் தூக்கி, பாதியிலேயே விட்டுவிட்டாள். "ராத்திரியெல்லாம் பொரட்டி உடோணுமுங்களா நங்கை? இடுப்பு கழண்டு போச்சு. கையைத் தூக்க முடியல. தூக்கம்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சுங்க."

சம்பூர்ணம் படுத்தபடியே அவளைப் பார்த்தாள்.

"அந்தத் தொட்டியக் கழுவி உடுங்க நங்கை" என்றாள் வசந்தாமணி. "இல்லைன்னா நார் எங்க இருக்குதுன்னு சொல்லுங்க, நானே கழுவறேன். ஒரே ஒருக்காக் காலை நனைச்சுக்கறனுங்."

"வேண்டா" என்றாள் சம்பூர்ணம். "அந்த அலுப்பு இருக்கட்டும். அதோடவே ஊருக்குப் போ, உங்க வீட்டுல எல்லாரும் பாக்கட்டும். இல்லாட்டி உன்னைய ஆரும் படுக்கச் சொல்லமாட்டாங்க கண்ணு."

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வசந்தாமணி ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அண்ணியின் மூச்சு சீராகிவிட்டது. உள்ளறையிலிருந்து சென்னியப்பன் கூப்பிட்டார், பாயில் கிடந்தவள் அசையவில்லை, இரண்டாம் தடவை கூப்பிட்டபோது வசந்தாமணி முட்டியில் கை ஊன்றி எழுந்து போனாள்.